குறைத்துக் கேட்கிறவரிடம் கணக்குக் கேளுங்கள்

அயோத்தியாப்பட்டணம், உடையாப்பட்டி, மாசிநாயக்கன்பட்டி, மின்னாம்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனியில் பணம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்தில் என் கையெழுத்து மட்டும் இல்லை. "பத்திரக்காரரும் அவிங்க ஆளாயிட்டாராட்டம் இருக்குது" என்று பின்வரிசையில் ஓர் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மைக் ஒருவர் கையிலேயே இருந்தது, மழையும் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தீர்மானம் ஒரே வரி. தண்டனை வாங்கிய கம்பெனிக்காரர் ஐகோர்ட் அப்பீலில், "என்னிடம் அவ்வளவு சொத்து இல்லை, அபராதத்தைக் குறைக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்கிறீர்கள். கோபம் நியாயமானது. என் வீட்டிலும் 2 லட்சம் போயிருக்கிறது. வீட்டுக்காரியின் ஆரத்தை அடகு வைத்துக் கட்டிய பணம். ஏழு மாதம் வட்டி வந்தது, எட்டாவது மாதம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அடகுக் கடைக்கு வட்டி மட்டும் நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தீர்ப்பில் எழுதிய தொகை ஒன்று, நம் கைக்கு வருகிற தொகை இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு முதலாவதைக் கட்டிப்பிடித்திருக்கிறோம். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 930 கோடி ரூபாய் மோசடி என்று சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. முதலீட்டாளர் மோசடி வழக்குகளுக்கான கோவை டான்பிட் தனி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது: இரண்டு இயக்குநர்களுக்குத் தலா 27 ஆண்டு சிறை, அபராதம் 171 கோடியே 74 லட்சம். அன்றைக்கு டீக்கடையில் பேப்பரைப் பிரித்தவர்கள் எல்லாம் 27-ஐயும் 171-ஐயும்தான் பேசினார்கள். 930-இல் 171 என்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை யாரும் பேசவில்லை. அந்த 171-ம் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்படும் என்றும் யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய எண் ஒன்று நமக்கெல்லாம் மனப்பாடம். 2014 செப்டம்பர் 27, பெங்களூரு தனி நீதிமன்றம், சொத்துக் குவிப்பு வழக்கு, ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம். 2016 டிசம்பரில் அவர் இறந்தார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தபோது, அவர்மீதான அப்பீல் மரணத்தோடு முடிந்துபோனது என்றது. அபராதத்தை வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் போட்ட சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. ஆனால் பறிமுதல் செய்த பொருள் எங்கும் போகவில்லை. 2025 பிப்ரவரியில் நகைகளும், ஆயிரம் ஏக்கருக்கு மேலான நிலத்தின் ஆவணங்களும் பெங்களூரிலிருந்து தமிழக அரசின் கைக்கு வந்து சேர்ந்தன. தொகை காற்றோடு போயிற்று, பொருள் வீடு வந்தது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் சட்டம் 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். டான்பிட் என்று கோர்ட்டிலும் போலீசிலும் சொல்வது அதைத்தான். தொண்ணூறுகளில் சீட்டுக்கட்டுபோல் சரிந்த பைனான்ஸ் கம்பெனிகளைப் பார்த்துக் கொண்டுவந்த சட்டம். செல்லாது என்று சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். செல்லும் என்று 2011 மார்ச்சில் கே.கே.பாஸ்கரன் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. இந்தச் சட்டத்தில் சிறையைவிட முக்கியமான வேலை சொத்தை முடக்குவதும், அதை விற்று நமக்குப் பிரித்துத் தருவதும்தான். முடக்குவது அரசு. பொறுப்பு தகுதிவாய்ந்த அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலருடையது, அதாவது டி.ஆர்.ஓ.வுடையது. விற்கவும் பிரிக்கவும் உத்தரவு போடுவது தனி நீதிமன்றம்.

முடக்கிய சொத்து எப்படிக் கரையும் என்பதை நம் பக்கத்து ஜில்லாவே காட்டிவிட்டது. ஈமு கோழியை மறந்துவிட்டீர்களா? பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ், 2012 ஆகஸ்ட். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, தீனி, கொட்டகை, மாசம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000 போனஸ். இரண்டு வருஷத்தில் 1,84,000 ரூபாய் வந்துவிடும், கட்டிய பணமும் திரும்பும் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கறியை யார் வாங்குகிறார்கள், எந்த ஊர்ச் சந்தையில் விற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கம்பெனி படுத்ததும் பறவைகள் பட்டினி கிடந்தன. கழுத்தை நீட்டிக்கொண்டு வேலி ஓரத்தில் நின்ற அந்தப் பறவைகள்தான் சட்டத்தின் பார்வையில் சொத்து. கால்நடைத் துறை தீனி போட வேண்டியதாயிற்று. ஜப்தி ஆன சொத்தே தினமும் சாப்பாடு கேட்ட வழக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஏலத்துக்கு விட்டபோது, கம்பெனி சொன்ன விலைக்கும் கேட்ட விலைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்று அந்தப் பறவைகளிடம் போய் யார் சொல்வது?

கார், நிலம், நகை எல்லாம் கொஞ்சம் மெதுவாகச் சாகும் ஈமுதான். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காரின் டயர் முதல் வருஷத்திலேயே தரையோடு ஒட்டிவிடுகிறது. நிலம் துருப்பிடிக்காது, ஆனால் அதில் வேறு வியாதி உண்டு. முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன், அதனால் சொல்கிறேன். நம் வழக்கில் முடக்கிய சொத்துப் பட்டியலில் ஒரு நிலம் இருக்கிறது. அதற்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அது கோடிக்கணக்கில் இருக்கிறது. வில்லங்கத்தில் முதல் வரி வங்கி அடமானம். அடுத்தது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. அடமானம் போக, வழக்கு முடிந்து, அரசு நிர்ணயித்த ஆரம்ப விலைக்கு ஆள் வராமல் ஏலம் ஒத்திப்போய், விலை இறங்கி மறுபடி ஏலம் வந்தால் அந்தக் கோடியில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள். அதே நிலத்துக்கு ஒட்டிய இரண்டு மனைகளை, ஷட்டர் இறங்குவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால், கம்பெனிக்காரர் தன் மாமியாருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பத்தொன்பது நாளைத் தனியாக மனதில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

ஆக, குறைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எந்த நீதிபதியும் குறைக்கவில்லை. ஏல மேடையில், ஸ்டேஷன் வாசலில், சார்பதிவாளர் அலுவலகத்தில் சத்தமில்லாமல் குறைகிறது. யாருடைய கையெழுத்தும் இல்லாமல் குறைகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இங்கிலாந்தில் இதற்கு வெளிப்படையான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 2002-ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டப்படி, தண்டனை வாங்கியவன் குற்றத்தால் எவ்வளவு சம்பாதித்தான், அவனிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு கணக்குப் போடுவார்கள். இருப்பது குறைவு என்று அவன் காட்டினால் இருப்பதற்கு மட்டும் உத்தரவு. கட்டத் தவறினால் வருஷத்துக்கு 8 சதவீத வட்டி ஏறும். தொகை 10 லட்சம் பவுண்டுக்கு மேல் என்றால் தனியாக 14 வருஷம் வரை ஜெயில். அந்த ஜெயிலை முழுக்க அனுபவித்தாலும் கடன் தீராது. உத்தரவுக்குப் பிறகு சொத்து போதாமல் போனால், 23-ஆம் பிரிவின் கீழ் திரும்ப கோர்ட்டுக்குப் போய்க் குறைக்கக் கேட்கலாம். நிலத்துக்கு எதிர்பார்த்த விலை வரவில்லை, பங்கு விழுந்துவிட்டது என்கிற மாதிரி காரணம்.

"நம்ம ஆளு கேக்கறதும் அதேதானே?" என்பீர்கள். அதே அல்ல. அங்கே நிரூபிக்கிற பாரம் முழுக்க அவன் தலையில். இருக்கிற சொத்து, விற்ற சொத்து, விற்ற பணம் போன இடம் எல்லாவற்றையும் விரித்து வைக்க வேண்டும். ஒளித்து வைத்திருக்கிறான் என்று முதலிலேயே கோர்ட் கண்டறிந்திருந்தால், ஒளித்தது என்ன ஆயிற்று என்று சொல்லாமல் வாசலுக்குள்ளேயே வர முடியாது. 1991-இல் மூழ்கிய பி.சி.சி.ஐ. வங்கி ஞாபகமிருக்கும். அந்த மோசடியில் தண்டிக்கப்பட்ட கப்பல் முதலாளி அப்பாஸ் கோகல், அப்போதிருந்த பழைய சட்டத்தின் கீழ், இப்படித்தான் சொத்து போதவில்லை என்று கேட்டுப் போனார். முதல் உத்தரவே தப்பு என்று பழைய வாதத்தைத் திரும்பப் பேசுவதற்கு இந்த மனு வழியல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் சொல்லிவிட்டது. இன்னொன்றும் உண்டு. 22-ஆம் பிரிவு நேர் எதிர்த் திசையில் திறக்கிற கதவு. இன்று இல்லை என்று குறைத்து வாங்கியவனிடம் பத்து வருஷம் கழித்துச் சொத்து முளைத்தால், அரசு போய்த் தொகையைத் திரும்பக் கூட்டக் கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் அங்கே வசூலாகாமல் நிற்கும் தொகை 200 கோடி பவுண்டுக்கு மேல். அதனால் சீமைச் சட்டம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. குறைக்கக் கேட்கிறவன் கணக்குக் காட்ட வேண்டும் என்கிற அந்த ஒரு நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இங்கே அப்படி ஒரு கதவு கிடையாது. தீர்ப்பில் கையெழுத்து விழுந்த பிறகு, எழுத்துப் பிழையைத் திருத்துவது தவிர, அதே கோர்ட் அதைத் தொடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 362, புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 403. அதனால்தான் அபராதத்தைக் குறைக்க அப்பீலுக்குப் போகிறார்கள். அப்பீலுக்கு முன்பே ஜாமீன் கட்டத்தில் இவ்வளவு டெபாசிட் கட்டு என்று ஐகோர்ட் நிபந்தனை போடும். பிறகு முடியவில்லை என்று நிபந்தனை தளர்வு மனு வரும். பணம் குறைவதற்கு நம் ஊரில் இப்படிப் பல சந்து பொந்து. எந்தச் சந்திலும் முழுக் கணக்கைக் காட்டு என்று கட்டாயமாகக் கேட்கும் ஏற்பாடு இல்லை. நாம் கேட்டால்தான் உண்டு.

அபராதம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டார். கூடுதல் ஜெயில். ஆனால் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது: அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறையில் கால் பங்கு. பத்து வருஷக் குற்றம் என்றால் இரண்டரை வருஷம். சிலருக்கு அது லாபக் கணக்கு. பல கோடிக்கு இரண்டரை வருஷம் உட்கார்ந்து எழுந்துவரத் தயாராக இருப்பவர்கள் உண்டு. உட்கார்ந்து முடித்துவிட்டால் பிறகு வசூல் வாரண்டு போட கோர்ட் தனிக் காரணம் எழுத வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே உத்தரவு இருந்தால், ஜெயில் அனுபவித்த பிறகும் வாரண்டு போகும், தனிக் காரணம் தேவையில்லை. பழைய சட்டத்தில் 421-ஆம் பிரிவின் வரம்பு வாசகம் அது, புதியதில் 461. நம் தீர்ப்பில் நஷ்டஈட்டு உத்தரவு இருக்கிறதா? கூட்டத்தில் கேட்டேன், ஒருவரும் கடைசிப் பக்கங்களைப் படித்திருக்கவில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் பெயரையும் நடுவில் இருக்கும் தொகையையும்தான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அந்தப் பத்தொன்பது நாள். டான்பிட் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. முடக்கக் கிடைத்த சொத்து, முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதைவிடக் குறைவு என்று தெரிந்தால், கம்பெனி நல்லெண்ணம் இல்லாமல் யாருக்காவது சொத்தைக் கைமாற்றியிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், வாங்கியவருக்கு நோட்டீஸ் விட்டு, அந்த மதிப்புக்கு அவர் சொத்தையும் முடக்கலாம். மாமியாரிடம் போன மனை இதில் வரும். கவனித்தீர்களா, 'என்னிடம் சொத்துக் குறைவு' என்று கம்பெனிக்காரர் சொல்கிற அதே வார்த்தைதான் இந்தப் பிரிவைத் திறக்கிற சாவி. அவர் அப்பீலில் சத்தியம் செய்து சொல்லட்டும். அந்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு நாம் டி.ஆர்.ஓ. ஆபீசுக்கும் கோவைத் தனி நீதிமன்றத்துக்கும் போவோம். குறைக்காதே என்று கத்தினால் அந்தச் சாவியை நாமே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வருகிற பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதிலும் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. கூட்டத்தில் இதைப் பேச்செடுத்ததும் பெரிய தொகை போட்டவர்கள் எழுந்து நின்றார்கள். சட்டம் நியாயமான பங்கீடு என்கிறது. வழக்கமாக விகிதாசாரம்: மொத்தம் நூறு கோடி பாக்கி, பதினெட்டுக் கோடி வசூல் என்றால் எல்லோருக்கும் ரூபாய்க்குப் பதினெட்டுக் காசு. முதலீட்டாளர்களின் பணம் சிக்கிய பி.ஏ.சி.எல். கம்பெனி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் அமைந்த லோதா கமிட்டி வேறு வழியில் போனது. சின்னத் தொகைக்காரர்களுக்கு முதலில், பிறகு படிப்படியாக மேலே. 20 லட்சம் போட்டவருக்குப் பதினெட்டுக் காசு வீதம் 3,60,000 கிடைக்கும். நூறு நாள் வேலைக் கூலியில் 10,000 சேர்த்துப் போட்ட ஆயாவுக்கு 1,800. அதை வாங்கக் கோவைக்குப் போய்வர பஸ் செலவும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? சின்னவர்களுக்கு முதலில் என்பதுதான் என் கட்சி. 2 லட்சம் போட்ட நான் அதில் நஷ்டப்படுவேன் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

வட்டியாக வாங்கியதைக் கழிக்க வேண்டும் என்பதிலும் தவறில்லை. எனக்கு ஏழு மாதம் வந்தது. அது கம்பெனி சம்பாதித்த பணமில்லை, எனக்குப் பின்னால் சேர்ந்த உங்களில் யாரோ ஒருவர் போட்ட முதல்.

போன வாரம் மின்னாம்பள்ளியிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம், தங்க நிறக் கரை போட்ட வழவழப்பான நோட்டீஸ், கம்பெனி பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டிபன் கேரியரின் மூடி மட்டும். மூடி எதற்கென்று கேட்டேன். அதில்தான் கம்பெனி பேர் பொறித்திருக்கிறது, அடிப்பாத்திரத்தில் பேத்தி பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்றார். ரசீதை எடுத்துக் கொடுத்தார். மெஷினில் அடித்த ரசீது. வெள்ளைத் தாள்தான் இருந்தது, எழுத்து எல்லாம் போய்விட்டது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது கடைசி இரண்டு இலக்கம் மட்டும் லேசாகத் தெரிந்தது. அபராதத்தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய ஒன்றரை லட்சம் அவர் பையிலேயே மங்கிக்கொண்டிருந்தது.

2025 ஜனவரியில், இங்கிருந்து சேலம் டவுனுக்குப் போகிற வழியில், அம்மாபேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சோதனைக்குப் போனதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். கோடிக்கணக்கில் ரொக்கமும் தங்கமும் எடுத்தார்கள். சோதனைக்குப் போன போலீசாரைக் கூட்டத்தில் சிலர் தாக்கியதாகவும் செய்தி வந்தது. அந்த வழக்கின் சரி தவறை நான் பேசவில்லை, அது கோர்ட் சொல்ல வேண்டியது. அப்படி ரொக்கமாகக் கையில் சிக்கும் நாள் ஒரு கம்பெனிக்கு ஒரே ஒருமுறைதான் வரும். நம் வழக்கில் அந்த நாள் போய்விட்டது. இனி தேடித்தான் எடுக்க வேண்டும்.

தீர்மானத்தை இப்படி மாற்றினால் முதல் கையெழுத்து என்னுடையது: கம்பெனிக்காரரும் அவர் வீட்டாரும் ஷட்டர் இறங்குவதற்கு மூன்று வருஷம் முன்பிருந்து வாங்கியது, விற்றது, எழுதிக்கொடுத்தது எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யும்வரை குறைப்பு மனுவை எதிர்க்கிறோம், தாக்கல் செய்து, விசாரித்து, உண்மையிலேயே இல்லை என்று தெரிந்தால் எதிர்க்கமாட்டோம், குறைத்த பிறகு சொத்து தென்பட்டால் திரும்பக் கோர்ட்டுக்கு வர உரிமை எங்களுக்கு வேண்டும். கடைசி வரிக்கு நம் சட்டத்தில் நேரடி இடமில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டுவைப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோதண்டராமர் கோயில் தேர்முட்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஒப்பந்தம், ரசீது, வங்கிப் பாஸ்புக், கம்பெனிக்காரர் பெயரில் உங்களுக்குத் தெரிந்த நிலம், வண்டி, கடை விவரம் எதுவானாலும் கொண்டுவாருங்கள். மங்கிய ரசீதை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். தீர்ப்பின் முழு நகல் வைத்திருப்பவர் கடைசிப் பக்கங்களோடு வர வேண்டும். ஏஜெண்டாக இருந்தவர்களும் வாருங்கள், யாரும் கல்லெறியமாட்டோம். ஆனால் ஆள் சேர்த்ததற்கு வாங்கிய கமிஷன் கணக்கை எழுதி எடுத்துவாருங்கள், அதுவும் நம் பணம்தான். என் வீட்டுக்காரி இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு 4,000 ரூபாய் வாங்கியிருக்கிறாள். அந்தத் தாளை நான் முதலில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பத்திர எழுத்தர், அயோத்தியாப்பட்டணம்